கையை அளந்த பிறகுதான் மரம்: காட்பாடியில் பான்ஜோ செய்யும் அனுபவம்

எங்கள் வேலூர்ப் பக்கம் பான்ஜோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராதான். அது ஜப்பானில் 1912இல் உருவான தைஷோகோட்டோவின் வழி வந்தது. நான் செய்வது வேறு. வட்டமான மர வளையத்தின் மேல் தோல், அதிலிருந்து நீளும் கழுத்து, ஐந்து கம்பி. அமெரிக்க நாட்டுப்புற இசையில் கேட்டிருப்பீர்கள். அந்த ஐந்து கம்பி பான்ஜோவை, வாங்குபவரின் கைக்கும் குரலுக்கும் ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்து தருகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளும், செய்யக் கொடுக்க நினைப்பவர்களும் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வாத்தியம் செய்யும் பரம்பரையில் வந்தவன் இல்லை. ராணிப்பேட்டையில் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் வேலை கற்றவன். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன் அந்தப் பாகத்தை அப்படியே மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். இரும்பு ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் செதுக்குவோம். மரம் எப்போது எந்தப் பக்கம் அசையும் என்ற பயிற்சி அங்கேதான் கிடைத்தது. இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் இந்த வேலை மட்டும்தான்.

பான்ஜோவின் வேர் அமெரிக்காவில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி, தங்கள் ஊர் வாத்தியங்களின் நினைவில் செய்துகொண்டது இது. செனகாம்பியா பகுதியின் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒரு வாத்தியம் இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கை, ஆட்டுத்தோல், ஒரு குட்டையான கம்பி எல்லாம் அதிலும் உண்டு. 1680களின் இறுதியில் ஜமைக்காவில் இருந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட வாத்தியங்களைப் பார்த்து, 1707இல் அச்சான தன் நூலில் படமே போட்டிருக்கிறார். எல்லாம் பறிக்கப்பட்ட மனிதர்கள் கையில் கிடைத்ததை வைத்து உண்டாக்கிய வாத்தியம் இது. செய்ய உட்காருகிறவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வீணை தெரிந்தவர்களுக்குப் பான்ஜோவைப் புரியவைப்பது சுலபம். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளக் கம்பிகள் இருக்கின்றன அல்லவா? சுண்டுவிரலால் மீட்டும் அந்தக் கம்பிகளின் வேலையை இங்கே ஐந்தாவது கம்பி செய்கிறது. அதைக் கட்டைவிரலால் மீட்டுவார்கள். மற்ற நான்கைவிடக் குட்டையானது, அதன் பிருடை, அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை, கழுத்தின் நடுவில், ஐந்தாவது ஃபிரெட் பக்கத்தில் இருக்கும் (வீணையில் மெட்டு என்பதுதான் இங்கே ஃபிரெட்). பாட்டு முழுக்க அந்த ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருப்பதால்தான் பான்ஜோவுக்கு அந்த ஓட்டம் வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

யாராவது போன் செய்து ஒரு பான்ஜோ வேண்டும் என்றால் என்ன மரம், என்ன வேலைப்பாடு என்று நான் கேட்பதில்லை. இடது கையை ஒரு வெள்ளைத்தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்கிறேன். அப்புறம் சில கேள்விகள். பாடிக்கொண்டே வாசிப்பீர்களா? உங்கள் சுருதி என்ன? உட்கார்ந்தா, நின்றா? தரையில் சம்மணம் போட்டா? நகத்தால் மீட்டுவீர்களா, விரல் நுனியாலா? கையில் பழைய அடி, அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா? ஏசி அறையில் இருக்குமா, பைக்கில் தோளில் போகுமா? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் வாத்தியத்தில் பாதி முடிவாகிவிடும்.

அதற்கு அடுத்தது மாதிரிக் கழுத்து. பேக்கிங் பெட்டியில் வரும் பைன் மரத்தில் கழுத்தை மட்டும் சீக்கிரமாகச் செதுக்கி, கம்பி இல்லாமல், ஃபிரெட் இருக்க வேண்டிய இடங்களில் கோடு மட்டும் கீறி அனுப்பிவிடுவேன். டிவி பார்க்கும்போதும் போன் பேசும்போதும் அதைக் கையில் வைத்திருங்கள், எங்கே உறுத்துகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள் என்று சொல்வேன். திரும்பி வரும்போது கட்டைவிரல் படும் இடம் அழுக்கேறியிருக்கும். அந்த அழுக்கு சொல்லும் தகவலை எந்த அளவுப் பட்டியலும் சொல்லாது. குறி இருக்கும் இடத்தில் அரத்தால் இழைத்து, குறையும் இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து ஏற்றி, மறுபடி அனுப்புவேன். அவர் ஒன்றும் குறி போடாமல் திருப்பி அனுப்பும்போதுதான் நல்ல மரத்தை எடுத்து மேசையில் வைப்பேன். பேட்டர்ன் ஷாப் பழக்கம் இது. விலை உயர்ந்த பொருளைத் தொடுவதற்கு முன் மலிவான மரத்தில் எல்லாவற்றையும் தீர்த்துக்கொள்வது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லித்தர வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள். வேலூருக்கு வெளி மாநிலங்களிலிருந்து படிக்கவும் மருத்துவத்துக்கும் வருபவர்கள் ஏராளம். மிசோரமிலிருந்து நர்சிங் படிக்க வந்த ஒரு பெண், தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவர், "அண்ணா, எனக்குக் கை ரொம்பச் சின்னது, யூட்யூபில் வாசிக்கிற மாதிரி விரல் எட்டவே மாட்டேங்குது" என்றார். சாதாரண பான்ஜோவில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) பிரிட்ஜ் வரை (தோல் மேல் நிற்கும் குதிரை) கம்பி நீளம் 26¼ அங்குலம், அதாவது 667 மில்லிமீட்டர். முதல் நான்கு ஃபிரெட்டுக்குள் விரல்கள் பரவ வேண்டிய தூரம் 137 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. கம்பி நீளத்தை 23 அங்குலமாகக் குறைத்தால் அதே தூரம் 120 மில்லிமீட்டராகிவிடும். 17 மில்லிமீட்டர் என்பது அந்தக் கைக்கு ஒரு முழு விரலின் அகலம்.

ஆனால் நீளத்தைக் குறைத்தால் இழுவையும் குறையும். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 23 அங்குலத்தில் கிட்டத்தட்ட 23 சதவீதம் இழுவை போய்விடும். கம்பி தொளதொளவென்று இருக்கும். இதற்கு ஒரு அழகான தீர்வு உண்டு. சுருதியை ஜி-யிலிருந்து ஏ-க்கு, அதாவது 5 கட்டையிலிருந்து 6 கட்டைக்கு ஏற்றிவிட்டால் இழுவை பழைய அளவுக்கே ஏறக்குறைய வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் குரலுக்கும் 6 கட்டைதான் ஒத்துவந்தது.

குரல் கனமான ஆணுக்கு இதற்கு நேர்மாறு. பீட் சீகர் என்ற பாடகர் தன் குரலுக்கு இறக்கிப் பாட வேண்டும் என்பதற்காகவே பான்ஜோவின் கழுத்தை நீட்டிக்கொண்டவர். மூன்று ஃபிரெட் கூடுதல், சுருதி ஜி-யிலிருந்து ஈ-க்கு இறங்கும். பிறகு வேகா நிறுவனம் அந்த நீளக் கழுத்தை ஒரு மாடலாகவே செய்து விற்றது. என்னிடம் வந்த ஒரு ஆசிரியர், தேவாலயத்தில் கீர்த்தனை பாடுபவர், சுருதிப் பெட்டியில் 3 கட்டைக்கு மேல் ஏறமாட்டார். அவருக்கு அதே கணக்கில் செய்தேன். கம்பி நீளம் 31 அங்குலத்தைத் தாண்டியது, ஐந்தாவது பிருடை எட்டாவது ஃபிரெட்டுக்குப் போனது. குழுவோடு வாசிக்கும்போது மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் சாதாரண பான்ஜோ ஆகிவிடும். கழுத்து நீண்டால் தலைப்பக்கம் கீழே சாயும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வளையத்தின் பக்கம் எடை இருக்க வேண்டும், தோள்வார் மாட்டும் இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, ராணிப்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குச் செய்தது. இயந்திரத்தில் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முழுக்க மடங்காது. வேலூருக்குக் கை அறுவை சிகிச்சையில் பெரிய வரலாறு இருக்கிறது. 1946இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மறுபடி வேலை செய்ய வைத்தவர். அந்தப் பாரம்பரியத்தில் பயின்ற ஒரு தெரபிஸ்ட்தான் அந்தப் பெரியவருக்கு ஏதாவது வாத்தியம் பழகச் சொல்லியிருக்கிறார். நான் அந்தத் தெரபிஸ்டிடமே போய்ப் பேசினேன். எந்த விரல் எவ்வளவு அழுத்தலாம், கட்டைவிரல் எந்தக் கோணத்தில் வலிக்காமல் நிற்கும் என்று அவர் காட்டினார்.

அவருக்குச் செய்த கழுத்து மற்றவர்களுடையதைவிடத் தடிமனானது, பின்பக்கம் நன்றாக உருண்டையாக இருக்கும். மெல்லிய கழுத்துதான் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பிடி தளர்ந்த கைக்கு மெல்லிய கழுத்து வேதனை, ஏனென்றால் விரல்கள் அதிகமாகச் சுருங்க வேண்டியிருக்கும். நட் அகலம் வழக்கமான 32 மில்லிமீட்டருக்குப் பதில் 35. லைட் கேஜ், அதாவது மெல்லிய கம்பி. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம், அதை இரண்டரைக்கு இறக்கினேன். இன்னொன்று, பான்ஜோவை ஓப்பன் ஜி-யில் சுருதி சேர்த்தால் எதையும் அழுத்தாமலே ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வந்துவிடும். ஐந்தாவது ஃபிரெட்டில் ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் சி, ஏழாவதில் வைத்தால் டி. இரண்டு விரல் இருந்தால் போதும், நூற்றுக்கணக்கான பாட்டுக்கு வாசித்துவிடலாம். "மாஸ்டர், இந்தக் கை இன்னும் வேலைக்கு ஆவுது பாருங்க" என்று அவர் சொன்னதைவிடப் பெரிய கூலி எனக்குத் தெரியவில்லை.

வாலாஜாவிலிருந்து வந்த வீணைக் கலைஞர் அம்மாவின் தேவைதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. கமகம் வேண்டும், அதாவது சுரத்தை அசைத்து வளைத்து வாசிக்க வேண்டும். பான்ஜோவில் கமகத்துக்கு மூன்று தடைகள் இருக்கின்றன. முதலாவது, ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டாவது, கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கக் கழுத்தில் இடம் கிடையாது. மூன்றாவது பலருக்கும் தெரியாதது. பிரிட்ஜ் நிற்பது தோல் மேல். ஒரு கம்பியை இழுத்தால் தோல் கொஞ்சம் அமுங்கும், அப்போது மற்றக் கம்பிகளின் சுருதி இறங்கிவிடும். வீணையில் குதிரை நிற்பது கெட்டியான மரப்பலகை மேல் என்பதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் நான்கு ஜோடிகளாக வரும் எட்டுக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின் மாண்டலினை மாற்றிக்கொண்டது கமகத்துக்காகத்தான். வாத்தியம் வளைந்துகொடுத்தால்தான் சங்கீதம் உள்ளே வரும்.

அந்த அம்மாவுக்காகக் கழுத்தை நன்றாக அகலப்படுத்தி, உயரமான ஃபிரெட் கம்பி போட்டேன். விரல் நுனி மரத்தைத் தொடாமல் கம்பி மேலேயே நழுவ வேண்டும். வளையத்தின் விளிம்பில் பித்தளை வளையம், அதன் மேல் ஆட்டுத்தோலுக்குப் பதில் இறுக்கமாக முறுக்கிய மைலார் என்ற பிளாஸ்டிக் தாள். கனமான பிரிட்ஜ், அகலமான பாதம். பிரிட்ஜ் கனத்தால் ஒலி கொஞ்சம் மங்கும், ஆனால் நீளும். இழுக்கும்போது பிரிட்ஜ் நகராமல் இருக்கப் பாதத்தில் வயலின்காரர்கள் வில்லுக்குப் போடும் ரோசினைத் தடவினால் போதும். நான்கு நீளக் கம்பிகளையும் ப-ஸ-ப-ஸ என்று 3 கட்டைக்குச் சேர்த்து, குட்டைக் கம்பியை மேல் ஸட்ஜத்தில் நிறுத்தினோம். வீணையின் நீண்ட இழுப்பு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாருவும் சின்னச் சின்ன அசைவும் வரும் என்றேன். அந்த அளவுக்கு வந்தது. வாடிக்கையாளரிடம் வாத்தியத்தின் எல்லையை வேலை ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

வளையத்தைப் பற்றி. வெளிநாட்டில் மேப்பிள் மரப்பட்டைகளை ஆவியில் வளைத்து ஒட்டுகிறார்கள். நான் பேட்டர்ன் ஷாப் வழியில் துண்டு வளையமாகவே செய்கிறேன். எட்டுத் துண்டு, ஒவ்வொன்றின் இரு முனையும் 22½ பாகையில் சீவினால் ஒரு வட்டம் மூடிக்கொள்ளும். அப்படி நான்கு அடுக்கு. செங்கல் சுவரில் மூட்டுக்கு மேல் மூட்டு வராது அல்லவா, அதே போல ஒவ்வோர் அடுக்கின் மூட்டும் அடுத்த அடுக்கின் நடுவில் விழ வேண்டும். பசை தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். வஜ்ரத்தின் (தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை) மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஐப்பசி ஈரத்தில் வளையத்துக்கு அதை நம்ப மாட்டேன். காய்ந்ததும் லேத்தில் கடைந்து 11 அங்குல வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரம் கடைய லேத்காரர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள், மரத்தூள் எண்ணெயில் சேர்ந்து பெட் முழுக்க ஒட்டிக்கொள்ளும். நான் துணி விரித்து, வேலை முடிந்ததும் நானே துடைத்துக் கொடுத்துவிடுவேன்.

மரம் பலா. மிருதங்கமும் தவிலும் வீணையும் பலாவில்தானே செய்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முற்றிய மரம் அருமையானது. கழுத்துக்குப் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு உத்தரத்தைத் தேடிப் போவேன். பல தலைமுறை வெயிலைப் பார்த்த மரம் இனி அசையாது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் முகத்தை இழைக்க வேண்டும். விரல் படும் பலகைக்கு ஈட்டி அல்லது கருங்காலி. ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் செம்மரத்தில் செய்து தர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. உரிய அனுமதிச் சீட்டு இல்லாத செம்மரத்தை என் ஷெட் வாசலுக்கே விடமாட்டேன். உடும்புத் தோலும் அப்படித்தான். கஞ்சிராவுக்கு ஒருகாலத்தில் அதைப் போட்டார்கள், 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை. ஆட்டுத்தோலே நன்றாகப் பேசும்போது அது எதற்கு?

ஃபிரெட் கணக்குச் சுருக்கமாக: கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 667 மில்லிமீட்டருக்கு முதல் ஃபிரெட் 37.4இல் விழும், பன்னிரண்டாவது சரிபாதியில். கணக்கு இப்படிப் போட்டாலும், குறி போடும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து போடுங்கள். ஒன்றிலிருந்து அடுத்தது என்று போனால் சின்னச் சின்ன பிசகு சேர்ந்து கடைசியில் சுருதியில் தெரியும்.

இனி தோல். நான் வேலூரில் இருப்பதற்கு மகிழ்கிற இடம் இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் ஊர்கள். ஆனால் பான்ஜோவுக்கு வேண்டியது அவர்கள் விற்கும் தோல் இல்லை. ஆவாரம்பட்டையில் ஊறியதோ குரோமில் பதப்பட்டதோ மிருதுவாகிவிடும், தட்டினால் ஒலி வராது. நமக்கு வேண்டியது பதமிடும் முன் நிறுத்திய தோல். உப்புத்தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்பு ஏற்றி, முடி நீக்கி, சதை சீவி, சுண்ணாம்பு போகக் கழுவியதோடு நிறுத்திக்கொண்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும். முதல் தடவை இதைக் கேட்டபோது தொழிற்சாலையில் தோல் ரகம் பிரிக்கும் பெரியவர், "இன்னா மாஸ்டர், பாதி வேலையிலயே குடுன்றீங்க?" என்று சிரித்தார். "பாய், எனக்கு அது மேளத்துக்கு" என்றதும் புரிந்துகொண்டார்.

தோல் தேர்வு செய்ய அவரிடம்தான் கற்றேன். காய்ந்த தோலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் முதுகுத்தண்டு ஓடிய இடம் ஒரு கருத்த கோடாகத் தெரியும், அங்கே தோல் தடிமன். இருபக்கமும் போகப்போக வெளிச்சம் அதிகமாக ஊடுருவும், வயிற்றுப் பக்கம் எண்ணெய்த்தாள் போல ஆகிவிடும். உண்ணி கடித்த இடம் ஊசிக்குத்தாகத் தெரியும். உரித்தவர் கத்தி நழுவிய இடம் பின்பக்கம் ஒரு கீறலாக இருக்கும், விரலை ஓட்டினால் நகத்தில் தட்டும். அந்தக் கீறல் வட்டத்தின் விளிம்பருகே வந்தால் இழுக்கும்போது அங்கேதான் கிழியும். தோல் அரை மில்லிமீட்டருக்குள் இருப்பது எனக்குப் பிடிக்கும். முதுகுக் கோட்டைக் கம்பிகளின் திசையிலேயே, பிரிட்ஜுக்கு நேர் கீழே வரும்படி வைப்பேன்.

போர்த்தும் முன் தோலைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சுருங்கிவிடும். வழவழவென்று ஆனதும் மெல்லிய உலோக வளையத்தைச் சுற்றி மடித்து, அதன் மேல் இறுக்கு வளையத்தை வைத்து, அதைக் கீழே இழுக்கும் கொக்கிகளைக் கையாலேயே எதிரெதிராக முடுக்குவேன். இறுக்கு வளையம் மர வளையத்தின் விளிம்பைவிடச் சற்று உயரமாக நிற்க வேண்டும். பின்னால் தோல் தளரும்போது கீழே இழுக்க இடம் வேண்டுமே. பிறகு நிழலில் விட்டுவிட வேண்டும், ஃபேன் காற்றுகூட வேண்டாம். அவசரமாகக் காய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் இறுகி வளையத்தையே கோணலாக்கும்.

தோல் என்று பேசிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. பாலாறும் அதன் கிணறுகளும் தோல் கழிவால் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. எனக்கு வேண்டியது கொஞ்சம் தோல்தான், என்றாலும் சுண்ணாம்புத் தண்ணீரை வீட்டுச் சாக்கடையில் விட எனக்குச் சம்மதமில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி உள்ள இடத்திலேயே கடைசிக் கழுவலையும் முடித்துத்தான் எடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்களும் இப்படியே செய்யுங்கள்.

தோல் பான்ஜோவை நம் ஊர் வானிலையில் வைத்திருப்பது ஒரு தனிப் பாடம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது தோல் இறுகி, சுருதி தானாக ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் தொளதொளத்து, பிரிட்ஜ் கீழே இறங்கி, கம்பி ஃபிரெட்டில் உரசும். பறை அடிப்பவர்கள் நெருப்பில் காய்ச்சிக்கொள்வார்கள். பான்ஜோவை அப்படிச் செய்ய முடியாது, கொக்கிதான் வழி. எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும். ஆபத்து எங்கே என்றால், மழையில் முடுக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவதில். நாலு நாள் வெயில் அடித்தால் போதும், இரவில் பட்டென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். அதனால் மழை ஓய்ந்ததும் தளர்த்துங்கள், சித்திரை பிறந்ததும் இன்னொரு முறை பாருங்கள். மூடிய காரில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கும், ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களுக்கும் மைலார் போடுகிறேன். 1950களின் பிற்பகுதியில் இது வந்த பிறகு உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் இதற்கு மாறிவிட்டார்கள். மைலாரைப் பிரிட்ஜுக்கும் விளிம்புக்கும் நடுவில் தட்டினால் ஜி அல்லது ஜி ஷார்ப் பக்கம் கேட்கும்வரை இறுக்கலாம். தோலுக்கு அவ்வளவு வேண்டாம். ஒலியில் எனக்குத் தோல்தான் இனிமை. அது என் காது. வாசிப்பவர் காதுதான் முடிவு செய்ய வேண்டும், அதனால் இரண்டையும் தட்டிக் காட்டிவிட்டே கேட்கிறேன்.

உலோக வேலையில் சொல்ல அதிகமில்லை. பித்தளை வளையத்துக்குக் கால் அங்குலக் கம்பியை வளைத்து முனையைப் பற்றவைத்து, விளிம்பில் உட்காரவைப்பேன். 24 கொக்கிகளும் அவற்றின் தாங்கிகளும் ராணிப்பேட்டையில் செய்து வாங்குகிறேன். திருகு அளவு எங்கும் கிடைக்கும் சாதாரண நட் அளவாக இருக்கட்டும். பத்து வருடம் கழித்து ஒன்று தொலைந்தால் வாங்குபவர் தன் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சுருதி நிறுத்துவது. பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தும்போது கூடினால் பிரிட்ஜைப் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு. சரியான இடம் கிடைத்ததும் மெல்லிய பென்சில் கோடு போட்டுவிடுவேன். ஒப்படைக்கும்போது வாங்குபவரையே பிரிட்ஜை எடுக்கச் சொல்லி, மறுபடி வைக்கச் சொல்லி, கம்பி மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதிரிக் கழுத்துக்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள். அது பிடிக்காமல் அவர் விலகினால் மனக்கசப்பில்லாமல் விலகலாம். மரம் வெட்டும் முன் பாதித் தொகை, அளவுகள் எல்லாம் ஒரு தாளில் இருவர் கையெழுத்தோடு. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று இதை விட்டுக்கொடுத்தால் வாத்தியமும் உறவும் இரண்டும் கெடும். மழைக்காலத்தில் வளையம் ஒட்டும் வேலையை எடுக்காதீர்கள், அதற்கேற்பத் தேதி கொடுங்கள்.

அப்புறம் கம்பி. பான்ஜோ கம்பியின் முனையில் சுருக்கு இருக்கும், கிதார் கம்பியின் முனையில் குண்டு இருக்கும். பான்ஜோ கம்பி நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது அரிது. அதனால் நான் செய்யும், கம்பிகளின் அடிமுனையை மாட்டும் வால்துண்டில் இரண்டு வகையும் மாட்டும்படி துளையும் கொக்கியும் சேர்த்தே வைக்கிறேன். கிதார் கடையில் ஒற்றைக் கம்பிகளாக 10, 12, 14 என்று கேட்டு, நான்காவதற்குச் சுற்றுக் கம்பி 22, ஐந்தாவதற்கு இன்னொரு 10 வாங்கிக்கொண்டால் ஒரு முழு செட் ஆகிவிடும். சனிக்கிழமை இரவு கம்பி அறுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கலாம்.